சாரணர் சட்டையில் பழைய முகாம்களின் பேட்ச்களை அணியலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஸ்கவுட்ஸ் பிஎஸ்ஏ என்ற சாரணர் திட்டத்தின் ட்ரூப் (குழு) ஒன்றில் இருக்கும் உங்கள் மகனிடம், கோடை முகாம், பல ட்ரூப்கள் கூடும் கேம்போரி, குளிர்காலப் போட்டியான க்ளான்டைக் டெர்பி என்று போய்வந்த நிகழ்ச்சிகளின் பேட்ச்கள் (துணிச் சின்னங்கள்) பதினொன்று சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் நான்கைச் சீருடைச் சட்டையில் தைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்த இன்னொரு பெற்றோர், முடிந்துபோன நிகழ்ச்சியின் பேட்ச்சை அணிவதே தவறு, இந்த ஆண்டுக்குரியதை மட்டுமே அணியலாம் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் ஸ்டார் என்ற ரேங்க்குக்கான (படிநிலைக்கான) போர்டு ஆஃப் ரிவ்யூ, அதாவது பெரியவர்கள் குழு நடத்தும் நேர்காணல், வருகிறது. சட்டையைக் காரணம் காட்டி அவனை நிறுத்திவைப்பார்களோ என்று கவலைப்படுகிறீர்கள். விடையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பேட்ச் பழையது என்பதில் தவறு எதுவும் இல்லை. நான்கு இருக்கின்றன என்பதில்தான் தவறு. அதற்காக அவனுடைய ரேங்க்கை யாரும் நிறுத்திவைக்க முடியாது. மீதமுள்ளதெல்லாம் இந்த இரண்டு வரிகளுக்கான விளக்கம்.

கப் ஸ்கவுட் எனப்படும் சிறுவயதுச் சாரணப் பிள்ளைகளுக்கு டென் லீடராக (சிறு அணித் தலைவராக) தொடங்கி, பிறகு உதவி ஸ்கவுட்மாஸ்டராக இருந்து, இப்போது ட்ரூப் கமிட்டியில் அமர்ந்து பிள்ளைகளின் ரிவ்யூக்களை நடத்தும் தன்னார்வலன் நான். தேசிய அலுவலகத்தின் சார்பில் பேசும் உரிமை எனக்கு இல்லை. நான் சொல்லப்போவது அமெரிக்க அமைப்பின் விதிகளை மட்டும். இங்கிலாந்தின் சாரணர் சங்கத்துக்கும், இந்தியாவில் 1950இல் உருவான பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் அமைப்புக்கும் தனித்தனி விதிநூல்கள் உண்டு, அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேட்ச் பற்றிய பேச்சில், அச்சிட்ட விதி, ட்ரூப்பின் பழக்கம், யாரோ ஒருவரின் சொந்த அபிப்பிராயம் ஆகிய மூன்றும் ஒரே குரலில் பேசப்படுகின்றன. முடிந்தவரை அவற்றைப் பிரித்தே எழுதுகிறேன்.

அச்சிட்ட விதி எது என்பதில் ஐயமில்லை. 'கைடு டு அவார்ட்ஸ் அண்ட் இன்சிக்னியா' என்ற நூலே சீருடையில் எந்தச் சின்னம் எங்கே வரும் என்பதை வரையறுக்கிறது. பழைய தலைவர்கள் இதை 'இன்சிக்னியா கைடு' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். முகாம், கேம்போரி போன்ற நிகழ்ச்சிகளின் பேட்ச்களை அந்நூல் 'டெம்பரரி இன்சிக்னியா', அதாவது தற்காலிகச் சின்னங்கள் என்ற வகையில் சேர்க்கிறது. அவற்றுக்கு உரிய இடம் வலது பக்கப் பாக்கெட். பாக்கெட்டின் நடுவில் தைத்துக்கொள்ளலாம். அல்லது அதன் பொத்தானிலிருந்து தொங்கவிடலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும், கப் ஸ்கவுட்டின் நீலச் சட்டைக்கும் ட்ரூப்பின் காக்கிச் சட்டைக்கும் விதி இதுவே. ஒரு பேட்ச்சை நிகழ்ச்சி முடிந்து எத்தனை மாதம் அணியலாம் என்று கால வரம்பு எதையும் விதி வைக்கவில்லை. விதி பேட்ச்களை எண்ணுகிறது. அவற்றின் வயதை எண்ணுவதில்லை.

அந்தப் பெற்றோர் தவறாகப் புரிந்துகொண்டதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. 'தற்காலிகம்' என்ற சொல்லே அப்படி இழுத்துச் செல்கிறது. தேதி போனதும் கிழித்துப் போடும் நாள்காட்டித் தாளைப் போல, நிகழ்ச்சி முடிந்ததும் பேட்ச்சும் காலாவதி ஆகிவிடும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். தற்காலிகமாக இருப்பது அது உட்காரும் இடம்தான். இடது பாக்கெட்டில் இருக்கும் ரேங்க் சின்னம் அடுத்த ரேங்க் வரும்வரை அசையாது; இடது தோளில் இருக்கும் கவுன்சில் (வட்டார நிர்வாக அமைப்பு) சின்னம் ஊர் மாறினால்தான் மாறும். வலது பாக்கெட் அப்படிப்பட்டதன்று. இன்று ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று, அதற்கடுத்த மாதம் மறுபடியும் பழையது என்று மாற்றிக்கொள்ளும் வசதிக்காகவே அந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மூன்று ஆண்டுகளுக்கு முன் மழையில் நனைந்து, கூடாரம் சரிந்து, ஆனாலும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்த அந்த முதல் கோடை முகாமின் பேட்ச்தான் அவனுக்குப் பிடித்தது என்றால், இன்றைக்கும் அதை அவன் அணியலாம்.

நம் வீடுகளில் இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் பேசும்போது 'பேட்ச்', 'பேட்ஜ்' இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே கேட்கின்றன. மெரிட் பேட்ஜ் என்பது தேவைகளை ஒவ்வொன்றாக முடித்து, அதற்கான வழிகாட்டியான கவுன்சிலரிடம் கையெழுத்து வாங்கிப் பெறும் தகுதி. நிகழ்ச்சிப் பேட்ச் என்பது போய்வந்ததன் நினைவு. முன்னதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, அதற்கென்று தனி மார்புப்பட்டையே இருக்கிறது. பின்னதற்குச் சட்டையில் ஒரே ஓர் இடம். 'பேட்ஜ் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமாம்' என்று ஒருவர் சொன்னதை 'பேட்ச்' என்று கேட்டு, வலது பாக்கெட்டைச் சுற்றி ஆறு வட்டங்களைத் தைத்துக்கொண்டு வந்த ஒரு தந்தையை எனக்குத் தெரியும். அவரை நினைத்துத்தான் இந்தப் பத்தியை எழுதினேன்.

ஏன் ஒன்று மட்டும் என்று உங்கள் மகன் கேட்டால் சட்டையையே காட்டி விளக்கலாம். இடது மார்பில், பாக்கெட்டில் அவன் ஈட்டிய ரேங்க், அதற்கு மேலே ஊதா நிறத்தில் எல்லோரும் அணியும் உலகச் சாரணர் சின்னம். இடது தோளும் கையும் அவன் எந்தக் கவுன்சில், எந்த ட்ரூப், என்ன பொறுப்பு என்பதைச் சொல்கின்றன. வலது கையில் அமெரிக்கக் கொடியும் அதன் கீழே பட்ரோல் (ட்ரூப்புக்குள் இருக்கும் சிறு அணி) சின்னமும். வேறு மாநிலத்திலிருந்து வரும் ஒரு சாரணர் இந்தச் சட்டையைப் பார்த்த மாத்திரத்தில் இவன் யார் என்று படித்துவிட முடியும்; சீருடையின் பயனே அதுதான். பதினொரு முகாம்களும் மார்பில் ஏறினால் அந்தப் படிப்பு கெடும். தவிர, சீருடையைக் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ உள்ளூர் அமைப்புகளுக்கு அதிகாரம் கிடையாது என்று தேசிய விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. கழுத்துத் துணி எந்த நிறம், தொப்பி எது என்பதை ட்ரூப் தீர்மானிக்கலாம். 'எங்கள் ட்ரூப்பில் இரண்டு பேட்ச் வரை அனுமதி' என்று கமிட்டி கூடித் தீர்மானம் போட முடியாது.

இனி, அடிக்கடி எழும் கணக்குச் சண்டைகள். பாக்கெட்டில் ஒன்றைத் தைத்துவிட்டு, பொத்தானில் இன்னொன்றைத் தொங்கவிட்டால் அது ஒன்றா இரண்டா? இரண்டுதான். தைப்பதும் தொங்கவிடுவதும் ஒரே இடத்துக்கான இரண்டு வழிகள். நடைமுறையில் இந்த விதி அதிகம் மீறப்படுவது இங்கேதான் என்பதையும், கண்டும் காணாமல் விடும் தலைவர்களே அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீறல் பரவலாக இருப்பதால் அது விதியாகிவிடாது. நடுவில் ஒரு வட்டமும் அதைச் சுற்றி ஆண்டுதோறும் சேர்த்துக்கொள்ளும் வளைந்த துண்டுகளுமாக வரும் முகாம் பேட்ச்கள் சில உண்டு. எல்லாத் துண்டுகளும் சேர்ந்து ஒரே பேட்ச் என்று கொள்வது நியாயமாகவே எனக்குப் படுகிறது. ஆனால் இது என் கருத்து, விதிநூலின் வாசகம் அன்று. துண்டுகள் பாக்கெட்டின் விளிம்பைத் தாண்டிச் சட்டையின் மேல் படரும் நிலை வந்தால் அதைக் கழற்றி வேறு இடத்தில் காட்சிக்கு வைப்பதே நல்லது.

வலது பாக்கெட்டின் மேல்மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் தைத்த நான்கில் ஒன்று அங்கேதான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூடி 1915இல் தொடங்கிய ஆர்டர் ஆஃப் தி ஆரோ என்ற கௌரவச் சாரணர் அமைப்பின் லாட்ஜ் (உள்ளூர்க் கிளை) சின்னத்துக்கு உரியது. அதில் உறுப்பினராக இருப்பவர்கள்தான் அங்கே எதையும் அணியலாம். கத்தி, கோடரி பாதுகாப்பாகக் கையாளக் கற்றுக்கொண்டதற்குத் தரும் டோட்டின் சிப் பேட்ச் அந்த மூடியின் வடிவத்திலேயே வெட்டப்பட்டிருப்பதால், அதை அங்கே தைக்க வேண்டும் என்று பார்க்கும் எவருக்கும் தோன்றும். நானும் என் மூத்த மகனுக்கு அப்படித்தான் தைத்தேன். உண்மையில் டோட்டின் சிப், நெருப்பு மூட்டும் உரிமைக்கான ஃபயர்மன் சிட் இரண்டும் தற்காலிகச் சின்னங்களின் வகையைச் சேர்ந்தவை. அணிவதென்றால் மூடிக்குக் கீழே, பாக்கெட்டின் மேல். அப்போது முகாம் பேட்ச்சுக்கு அங்கே இடமில்லை.

ஒன்றே ஒன்று என்ற விதிக்குப் பெரிய விலக்கு ஜம்போரி, அதாவது நாடளவிலோ உலக அளவிலோ நடக்கும் பெரும் சாரணர் கூடல். தேசிய ஜம்போரியிலோ உலக ஜம்போரியிலோ பங்கேற்றவர்கள் அதன் சின்னத்தை வலது பாக்கெட்டுக்கு மேலே, அமைப்பின் பெயர் எழுதிய பட்டைக்கும் மேலே அணியலாம். இது வலது பாக்கெட்டின் கணக்கில் சேராது. ஆகவே கீழே முகாம் பேட்ச் ஒன்று, மேலே ஜம்போரி பேட்ச் ஒன்று என்று இரண்டும் ஒரே சட்டையில் இருக்கலாம். முடிந்துபோன ஒரு நிகழ்ச்சியின் சின்னத்தை ஆண்டுக்கணக்கில் அணிவது தவறில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2019இல் மேற்கு வர்ஜீனியாவின் சம்மிட் பெக்டல் வளாகத்தில், அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்திய 24ஆவது உலக ஜம்போரியின் சின்னத்தை இன்றும் பெருமையோடு அணிந்து வருபவர்கள் இருக்கிறார்கள். யாரும் அவர்களைக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் இங்கேயும் எண்ணிக்கை விதி அதேதான்: ஐந்து ஜம்போரிக்குப் போயிருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று. பங்கேற்பாளராகவோ பணியாளராகவோ போனவர்களுக்குத்தான் அந்த உரிமை. ஒருநாள் பார்வையாளராகப் போய் அங்கே விலைக்கு வாங்கிய நினைவுப் பேட்ச்சுக்கு மேலிடம் கிடையாது. ஜம்போரிக்குச் செல்லும் குழுவினருக்காகக் கவுன்சில்கள் தயாரிக்கும் அழகான தோள் சின்னங்களும் உண்டு. அவை இடது தோளில் வழக்கமான கவுன்சில் சின்னத்தின் இடத்தில் வருபவை. அதற்குப் பக்கத்தில் கூடுதலாக வருபவை அல்ல.

ஜம்போரியைப் பேசியதால் ஒரு சிறு விலகல். முதல் தேசிய ஜம்போரி 1935இல் வாஷிங்டனில் நடப்பதாக இருந்தது. போலியோ பரவியதால் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து 1937இல் அதே நகரில் நடந்தது. ஆனால் 1935க்கான பேட்ச்கள் முன்கூட்டியே தயாராகிவிட்டன. நடக்காத ஒரு நிகழ்ச்சியின் பேட்ச் என்பதாலேயே சேகரிப்பாளர்கள் இன்று அதைத் தேடி அலைகிறார்கள். போய்வந்ததன் அடையாளம்தான் பேட்ச் என்று மேலே எழுதினேன். அதற்கு இப்படியும் ஒரு விதிவிலக்கு வரலாற்றில் இருக்கிறது.

நிகழ்ச்சிப் பேட்ச் போலவே தோன்றினாலும் தற்காலிகச் சின்னக் கணக்கில் வராதவை இன்னும் சில உண்டு. நண்பனை அமைப்பில் சேர்த்தவனுக்குக் கிடைக்கும் ரெக்ரூட்டர் பட்டை வலது பாக்கெட்டுக்குக் கீழே தனியாக வரும். சேவைத் திட்டத்தில் பங்கேற்றவர்களுக்கான மெசஞ்சர்ஸ் ஆஃப் பீஸ் வளையம் உலகச் சாரணர் சின்னத்தைச் சுற்றி அமையும். இன்னொரு பக்கம், சட்டையிலேயே வரக்கூடாதவையும் இருக்கின்றன. ஒரு மைல் நீந்தியதற்கான மைல் ஸ்விம் சின்னம் நீச்சல் உடைக்கு உரியது. ஐம்பது மைல் நடைபயணம் அல்லது படகுப் பயணத்துக்கான ஃபிஃப்டி மைலர் விருதின் பேட்ச் முதுகுப் பைக்கோ போர்வைக்கோ உரியது. பட்டியல் இத்தோடு முடிவதில்லை. ஆனால் உங்களிடம் உள்ள பதினொன்றும் முகாம்களும் கேம்போரிகளும்தான் என்பதால் இது போதும்.

நியூ மெக்சிகோவின் சிமரானில் உள்ள ஃபில்மான்ட் பண்ணைக்கு அவன் இரண்டொரு ஆண்டுகளில் போகக்கூடும் என்று எழுதியிருந்தீர்கள். வெய்ட் ஃபிலிப்ஸ் என்ற எண்ணெய்த் தொழிலதிபர் 1938இலும் 1941இலும் சாரணர் அமைப்புக்குக் கொடையாகத் தந்த மலைநிலம் அது. அங்கே மலைப்பயணத்தை முழுமையாக முடித்து, இயற்கைப் பாதுகாப்புப் பணியும் செய்தவர்களுக்கு அம்புமுனை வடிவில் ஒரு பேட்ச் தருவார்கள். அதுவும் வலது பாக்கெட்டுக்குத்தான் வரும்; அதை வாங்கி வந்த பிள்ளைகள் பெரும்பாலும் வேறு எதையும் அங்கே அணிய மறுத்துவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அதே பண்ணையின் கறுப்புக் காளைச் சின்னம் வேறு வகை. அது சிவப்புக் கம்பளிச் சட்டையில் இடது தோள்பக்கம் தைப்பதற்கானது, சீருடைச் சட்டைக்கு உரியதன்று. காளையின் வால் தோள்தையலைத் தாண்டி மறுபக்கம் விழும்படி தைக்க வேண்டும் என்று சொல்வார்கள். அது எழுதப்படாத மரபு. ஆனால் அங்கே போய்வந்தவர்களுக்கு எழுதிய விதியைவிடப் பெரிது.

மீதிப் பத்துப் பேட்ச்களை என்ன செய்வது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் பயன்படும் பகுதி. மெரிட் பேட்ஜ் மார்புப்பட்டையின் முன்பக்கத்தை மெரிட் பேட்ஜ்களுக்கு விட்டுவிட்டு, பின்பக்கத்தில் நிகழ்ச்சிப் பேட்ச்களைத் தைத்துக்கொள்ளலாம். இது விதிநூலே அனுமதிப்பது, பல பெற்றோருக்குத் தெரியாதது. கோர்ட் ஆஃப் ஹானர் எனப்படும் விருது வழங்கும் நிகழ்ச்சி போன்ற விழாக்களில் பட்டையை அணியும்போது பேட்ச்களும் கூடவே வந்துவிடும். ஆனால் பையன் உச்ச நிலையான கழுகு (ஈகிள்) ரேங்க்கை நோக்கிப் போகப் போக, மெரிட் பேட்ஜ்களே பின்பக்கத்துக்கும் இடம் கேட்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் ஆஃப் தி ஆரோவில் அவன் நாளை சேர்ந்தாலும், அதன் வெள்ளைப் பட்டையில் இப்படி எதையும் தைக்கக் கூடாது. அது நிகழ்ச்சிப் பேட்ச்களுக்கான இடமன்று. கப் ஸ்கவுட் பிள்ளைகளுக்குச் சிவப்பு வெஸ்ட் இருக்கிறது, ஆனால் உங்கள் மகன் அதைப் போட்டுக்கொள்ளும் வயதைத் தாண்டிவிட்டான். என்னைக் கேட்டால் போர்வைதான் சிறந்தது. முகாம் நெருப்பைச் சுற்றி இரவில் போர்த்திக்கொள்ளும் ஒரு கம்பளிப் போர்வையில் ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டே போகலாம். எண்ணிக்கை வரம்பு இல்லை, இட விதி இல்லை, பையன் வளர்ந்தாலும் போர்வை சிறிதாகாது. சட்டையோ ஓராண்டில் குட்டையாகிவிடும். அப்போது எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டும்.

விதி தெளிவாகப் பேசாத இடங்களுக்கு வருகிறேன். மற்றொரு சாரணருடன் மாற்றிக்கொண்ட பேட்ச்சை, தான் போகாத நிகழ்ச்சியினுடையதாக இருந்தாலும் அணியலாமா? நானறிந்த தலைவர்கள் எல்லோரும் கூடாது என்றே சொல்வார்கள். 'இந்த முகாம் எப்படி இருந்தது?' என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்ல முடியாத பேட்ச் சட்டையில் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம், எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. கப் ஸ்கவுட்டாக இருந்தபோது நீலச் சட்டையில் அணிந்த பழைய பேட்ச்சைக் காக்கிச் சட்டைக்கு மாற்றலாமா? தடை இல்லை, போனவன் அவன்தானே. ஆனால் பதினான்கு வயதுப் பையன் தானாகவே அதை விரும்ப மாட்டான். உங்கள் கணவர் இந்தியாவில் சாரணராக இருந்தபோது வாங்கிய பேட்ச்சை, இப்போது இங்கே தன்னார்வத் தலைவராக அணியலாமா என்ற கேள்வியைப் பின்குறிப்பாகச் சேர்த்திருந்தீர்கள். பிற அமைப்புகளின் சின்னங்களை இந்தச் சீருடையில் கலப்பதை விதிகள் பொதுவாக விரும்புவதில்லை. ஆகவே சட்டைக்கு வேண்டாம், போர்வையின் நடுவில் தைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

போர்டு ஆஃப் ரிவ்யூ பற்றிய உங்கள் அச்சத்துக்கு இடமே இல்லை. அதற்கான விதிகள் 'கைடு டு அட்வான்ஸ்மெண்ட்' என்ற வேறொரு நூலில் இருக்கின்றன. முழுச் சீருடையில் வருவது விரும்பத்தக்கது. தன்னிடம் இருக்கும் சீருடையை இயன்ற அளவு சரியாக அணிந்து வர வேண்டும். சீருடை இல்லையென்றால் சுத்தமாக, நேர்த்தியாக உடுத்தி வந்தால் போதும். இப்படி வந்த ஒருவனை உடையைக் காரணம் காட்டி நிராகரிக்கக் கூடாது, புதிதாக எதையும் வாங்கி வரச் சொல்லவும் கூடாது. இதுதான் அங்கே சொல்லப்படுவது. பேட்ச் தவறான இடத்தில் இருந்தால், முடித்து எழுந்திருக்கும்போது யாராவது ஒருவர் மென்மையாகச் சொல்லலாம், அவ்வளவுதான். அதற்காக ஒருவனுடைய ரேங்க் தள்ளிப்போனதாக வந்தால், தவறு அந்தக் குழுவினுடையது. கவுன்சிலின் அட்வான்ஸ்மெண்ட் கமிட்டியிடம் முறையிட வழியும் உண்டு.

அந்தப் பெற்றோர் மீது கோபம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. உதவி ஸ்கவுட்மாஸ்டரான முதல் ஆண்டில், புதிதாகப் பெற்ற பொறுப்பின் மிடுக்கில், வரிசையில் நின்ற ஒரு சிறுவனிடம் 'இது போன வருஷத்து கேம்போரி ஆச்சே, இன்னும் ஏன் போட்டிருக்கிறாய்?' என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் பொத்தானிலிருந்து அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்து விதிநூலைப் புரட்டியபோது நான் சொன்னது எங்குமே இல்லை. அடுத்த வாரம் அதே வரிசையின் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அந்தப் பேட்ச்சை மறுபடி அணியவே இல்லை. 'சீருடைப் போலீஸ் என்று எவரும் கிடையாது' என்று அமெரிக்கத் தலைவர்கள் வேடிக்கையாகச் சொல்வதன் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நூலைத் திறந்து காட்ட முடியாத திருத்தத்தை அதன்பிறகு நான் எவரிடமும் சொன்னதில்லை.

கடைசியாகத் தையலைப் பற்றி. நான்கில் மூன்றைப் பிரிக்கும்போது சட்டையின் உட்புறத்திலிருந்து நூலை வெட்டுங்கள். வெளிப்புறத்திலிருந்து வெட்டினால் பேட்ச்சின் ஓரப் பின்னலும் சேர்ந்து அறுந்துவிடும். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டியதாகவோ பசைத்தாள் வைத்து ஒட்டியதாகவோ இருந்தால், பிரித்த பிறகு வட்டமாக ஒரு கறை தங்கலாம். அடுத்து வரும் பேட்ச் அதைவிடப் பெரிதாக இருந்தால் மறைந்துவிடும். வலது பாக்கெட்டில் தைப்பதானால் பாக்கெட்டின் மேல்துணியோடு மட்டும் ஊசி போக வேண்டும். உள்ளே ஒரு அட்டையை நுழைத்துவைத்துத் தைத்தால் பாக்கெட் சட்டையோடு சேர்ந்து தைபடாது. அட்டை வைக்க மறந்து, காலையில் பையன் பேனாவைப் போட முயன்றபோதுதான் கண்டுபிடித்த அனுபவம் எங்கள் வீட்டில் ஒருமுறைக்கு மேல் உண்டு. ஆனால் அடிக்கடி மாற்ற நினைக்கும் பையனுக்குத் தைக்கவே வேண்டாம். பொத்தானில் மாட்டும், உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் உறை ஒன்றை வாங்கிக் கொடுங்கள். பதினொன்றையும் மேசையில் பரப்பிவைத்து, ரிவ்யூவுக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது என்று அவனையே எடுக்கச் சொல்லுங்கள். எதை எடுத்தாலும் குழுவில் ஒருவராவது அதைப் பார்த்துவிட்டு, அந்த முகாமில் என்ன நடந்தது என்று கட்டாயம் கேட்பார், நான் கேட்பேன்.